கண்ணாடி இன்றிப் புனைதல்: பார்வையற்ற பெண்ணும் ஒப்பனையும் தமிழ்ப் படைப்புகளில்

முன்னுரை

பார்வையற்ற பெண் ஒருத்தி நெற்றியில் பொட்டிட்டு, கண்ணுக்கு மை தீட்டி, உதட்டில் சாயம் பூசிக்கொண்டு வெளியே வந்தால், நம் சமூகம் இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. இதை யார் செய்துவிட்டார்கள் என்பது ஒன்று. தன் முகத்தையே காண இயலாதவளுக்கு இது எதற்கு என்பது மற்றொன்று. முதற்கேள்வி அவளது கைத்திறனை ஐயுறுகிறது. இரண்டாவது கேள்வி அவளது விருப்பத்தையே ஐயுறுகிறது. வாய்விட்டுக் கேட்கப்படாத இடங்களிலும் இவ்விரு கேள்விகளும் பார்வையிலேயே தொக்கி நிற்கின்றன. அப்பார்வையை அவள் காணாவிட்டாலும், பேச்சில் விழும் தயக்கத்தைக் கொண்டே அதனை அறிந்துகொள்கிறாள்.

பார்வையற்றோர் குறித்த உரையாடல் பினாங்கு மாநிலத்துக்குப் புதியதன்று. 1926-ஆம் ஆண்டில் மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபையினரால் தொடங்கப்பெற்று, பின்னர்ப் பினாங்கிற்கு இடம்பெயர்ந்த செயின்ட் நிக்கோலஸ் இல்லம், இந்நாட்டில் பார்வையற்றோர்க்கான பணியின் மிகப் பழைய நிலையங்களுள் ஒன்று. கல்வி, தொழில், நடமாட்டம் ஆகியவை பற்றி இந்நூற்றாண்டுக் கால இடைவெளியில் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால், பார்வையற்ற பெண்ணின் அலங்காரம் பற்றி ஆய்வுலகம் பேசியது மிகக் குறைவு. அது அற்பமான பொருள் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதனையும், தமிழ் மரபில் அணி என்பது கண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதனையும், நம் திரைப்படங்கள் இவ்வுண்மையை எவ்வாறு தவறவிட்டன என்பதனையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணி கண்ணுக்கு மட்டும் உரியதா?

ஒப்பனை என்றவுடன் நம் மனத்தில் எழுவது கண்ணாடி. சூடிக்கொடுத்த நாச்சியார் பற்றிய மரபுக் கதையில்கூட, ஆண்டாள் மாலையைச் சூடித் தன் உருவைப் பார்த்துக்கொண்டதாகவே சொல்லப்படுகிறது. திருவில்லிபுத்தூரில் அதற்கென ஒரு கண்ணாடிக் கிணறும் காட்டப்படுகிறது. எனினும், அக்கதையின் உயிர்நிலை அந்தக் கண்ணாடியில் இல்லை. அவள் சூடிய மாலையில் மனித உடலின் தொடர்பு ஏறிவிட்டது என்பதும், அதனையே இறைவன் விரும்பினான் என்பதுமே கதையின் சாரம். பார்த்ததைவிடச் சூடியதே முதன்மை பெறுகிறது.

இதனைச் சிலப்பதிகாரம் இன்னும் விரிவாக உணர்த்துகிறது. கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனையை இளங்கோவடிகள் வருணிக்கும்போது, முதலில் அவர் காட்டுவது நிறத்தை அன்று, நீரை. பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திரண்டுவகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் கூந்தல் நனைக்கப்படுகிறது. பின்னர் அகிற்புகையால் உலர்த்தப்படுகிறது. கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. இவை அனைத்தும் மூக்கிற்கும் தோலுக்கும் உரியவை. அதன்பின் அணிகள் அடியிலிருந்து முடி நோக்கி ஒவ்வொன்றாக ஏறுகின்றன. காலில் ஒலிப்பவையும் கையில் ஒலிப்பவையும் அவற்றுள் அடக்கம். இவ்வருணனையைக் கண்களை மூடிக்கொண்டு கேட்பவர்க்கும் மாதவியின் ஒப்பனையில் பெரும்பகுதி எட்டிவிடும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். காதல் அரும்பிய பெண்ணின் மெய்ப்பாடுகளாகக் கூந்தலை விரித்தல், காதணியைக் கழற்றல், அணிந்த அணிகளை முறைப்படத் தடவுதல், ஆடையைத் திருத்தி உடுத்தல் ஆகியவற்றைத் தொல்காப்பியர் ஒருசேர வைக்கிறார். இந்நான்கும் கைகளின் செயல்கள். கண்ணாடிக்கு இவற்றுள் இடமில்லை. தன் அணிகளைத் தன் விரல்களால் தொட்டறியும் பெண்ணே அங்கு நமக்குக் காட்டப்படுகிறாள். மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போதும், தொல்காப்பியர் தொடுவுணர்வையே முதலறிவாக வைக்கிறார். சுவையும் நாற்றமும் அடுத்து வருகின்றன. கண்ணறிவு நான்காவதாகவே இடம்பெறுகிறது. இந்த வரிசை உயிரியல் நோக்கில் அமைந்ததே ஆயினும், எல்லா அறிதலுக்கும் பார்வையே தலைமை என்னும் இக்காலக் கருத்து நம் மரபில் தொடக்கம் முதல் நிலவிய ஒன்றன்று என்பதற்கு இது சான்றாகும்.

அன்றாட வாழ்விலும் இதே நிலைதான். மல்லிகைச் சரத்தைச் சூடியவள் அதன் நிறத்தைக் காண்பதில்லை. பின்தலையில் இருப்பதை யாரும் காண இயலாது. அதன் கனத்தையும் குளிர்ச்சியையும் மணத்தையுமே அவள் உணர்கிறாள். மருதாணி இரவெல்லாம் உள்ளங்கையைக் குளிர்விக்கிறது. சந்தனம் உலரும்போது தோலை இழுக்கிறது. கண்ணாடி வளையல் ஒவ்வொரு அசைவிலும் பேசுகிறது. ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியாவில், குவீன் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் விற்கப்படும் அலங்காரப் பொருள்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பல தொட்டும் முகர்ந்தும் தேர்ந்தெடுக்கத் தக்கவை என்பது விளங்கும். எனவே, 'காணாதவளுக்கு எதற்கு அலங்காரம்' என்னும் கேள்வி, தமிழரின் அலங்காரத்தையே அறியாதவர் கேட்கும் கேள்வியாகிறது.

திரையில் பார்வையற்ற பெண்

தமிழ் இலக்கிய வரலாற்றில் பார்வையற்ற ஆண்களுக்குக் குரல் உண்டு. இரட்டைப் புலவருள் ஒருவரும், அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் தாமே பாடியவர்களாக நமக்கு அறிமுகமாகின்றனர். பார்வையற்ற பெண்ணோ பெரும்பாலும் பிறரால் பார்க்கப்படுபவளாகவே அறிமுகமாகிறாள். திரைப்படம் இதனை மேலும் உறுதிப்படுத்தியது.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931-இல் வெளிவந்தது. அதில் பார்வையற்ற பெண் பூ விற்பவள். பார்வை பெற்ற பின்னர், தனக்கு உதவியவனை அவள் கண்ணால் அடையாளம் காணவில்லை. அவன் கையைத் தொட்டபோதே உணர்கிறாள். தொடுவுணர்வின் நம்பகத்தன்மையைப் பார்வைக்கு மேலாக வைத்த காட்சி அது. அப்படத்தின் தாக்கத்தில் தமிழில் 1954-இல் 'ராஜி என் கண்மணி' வந்தது. 1999-இல் எழில் இயக்கிய 'துள்ளாத மனமும் துள்ளும்' அதே மரபில் அமைந்து பெருவெற்றி பெற்றது. இப்படங்களில் பார்வையின்மை என்பது தீர்க்கப்பட வேண்டிய சிக்கல். அறுவை மருத்துவமே கதையின் திருப்புமுனை. பார்வையின்றியே நெடுங்காலம் வாழப்போகும் பெண்ணின் காலை நேரம் எப்படித் தொடங்குகிறது, சீப்பும் பொட்டும் எங்கிருக்கின்றன, புடைவையின் நிறத்தை அவள் எவ்வாறு அறிகிறாள் என்ற வினாக்கள் கதைக்குத் தேவைப்படவில்லை. பார்வை திரும்பும்வரை அவளது வாழ்வு காத்திருக்கும் வாழ்வாகவே கருதப்படுகிறது.

பாலா இயக்கத்தில் 2009-இல் வெளிவந்த 'நான் கடவுள்' வேறு திசையில் செல்கிறது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலை ஒட்டி அமைந்த இப்படத்தில், பூஜா ஏற்ற அம்சவல்லி பார்வையற்றவள். பாடிப் பிச்சை எடுப்பவள். இப்படத்துக்கு 56-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இரண்டு கிடைத்தன. ஒன்று சிறந்த இயக்கத்துக்கானது. மற்றொன்று சிறந்த ஒப்பனைக்கானது. இரண்டாவது விருது நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. இங்கு ஒப்பனைக் கலை பார்வையற்ற பெண்ணின் விருப்பத்துக்காகப் பயன்படவில்லை. அவளது வறுமையையும் சிதைவையும் பார்வையுடைய அவையினர்க்குக் காட்டவே பயன்பட்டது. இறுதியில் அவளது முகம் சிதைக்கப்படுகிறது. அவள் சாவையே வேண்டுகிறாள். பிச்சைத் தொழிலின் கொடுமையை இப்படம் அஞ்சாமல் காட்டியது என்பதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், தன் முகத்தின்மீது அவளுக்கென ஓர் உரிமை இருந்ததா என்று படம் கேட்கவில்லை. அவளது முகம் தொடக்கம் முதல் இறுதிவரை பிறருடைய கைகளில் உள்ளது.

2021-இல் வெளிவந்த 'நெற்றிக்கண்' நேர் எதிரானது. மிலிந்த் ராவ் இயக்கிய இப்படம் 2011-இல் வந்த 'பிளைண்ட்' என்னும் கொரியப் படத்தின் மறுஆக்கம். நயன்தாரா ஏற்ற துர்கா புலனாய்வு அதிகாரியாக இருந்து விபத்தில் பார்வையிழந்தவள். அறிவாலும் துணிவாலும் கொலைகாரனை எதிர்கொள்பவள். இரக்கத்துக்குரிய பெண் என்னும் வார்ப்பை இப்படம் உடைத்தது பாராட்டத்தக்கது. எனினும், அவளது தோற்றம் நட்சத்திர நடிகைக்குரிய ஒழுங்கோடு விளங்குகிறது. அவ்வொழுங்கு எவருடைய உழைப்பால் வந்தது என்பது கதைக்குள் ஒரு பொருளாகவே இல்லை. முந்தைய படத்தில் பார்வையற்ற பெண்ணின் முகம் சிதைவுக்கான களம். இப்படத்தில் அது தானாகவே அமைந்த அழகு. இரண்டிலும் விடுபட்டது ஒன்றே. தன் முகத்தில் தன் கையால் வேலை செய்யும் பெண்ணை நாம் காணவில்லை.

ராஜு முருகனின் 'குக்கூ' 2014-இல் வெளிவந்தது. காதலர் இருவரும் பார்வையற்றவர்கள் என்பதே இப்படத்தின் சிறப்பு. பார்வையுடைய ஆணின் பார்வையே பெண்ணழகுக்கு உரைகல் என்னும் நம் திரை இலக்கணம் இங்கு செயலற்றுப் போகிறது. ஒருவர் மற்றவர்க்குக் குரலாகவும் தொடுகையாகவும் இருக்கும் இக்கதையமைப்பு, அலங்காரம் யாருக்காக என்னும் கேள்வியை வேறொரு தளத்துக்கு நகர்த்தவல்லது. பார்வையற்ற காதலனுக்காகப் பார்வையற்ற காதலி பூச்சூடுவாளாயின், அங்கு மாலையின் மணம் பேசும், நிறம் பேசாது. இவ்வாய்ப்பைத் தொட்டுக்காட்டியதனாலேயே இப்படத்தை மற்றவற்றினும் மேலாக நாம் மதிக்கிறோம்.

கைவினையாக ஒப்பனை

படைப்புகள் காட்டாது விட்ட அந்த உழைப்பு எத்தகையது என்பதனை அறிந்தாலன்றி இத்திறனாய்வு முழுமை பெறாது. பார்வையற்ற பெண்கள் கைக்கொள்ளும் முறைகள் தெளிவான ஒழுங்குடையவை. முகத்தின் எலும்புகளே அவர்களுக்கு வரைபடம். மூக்கின் அடித்தண்டிலிருந்து விரலளவு எடுத்துப் பொட்டின் இடத்தை முடிவுசெய்யலாம். ஒட்டுப்பொட்டு இதனை மேலும் எளிதாக்கியது. உதட்டுச் சாயத்தை மேலுதட்டின் நடுப்பள்ளத்திலிருந்து தொடங்கி ஓரத்துக்கு இழுக்கலாம். மறுகையின் விரல் எல்லைக் கோடாக நிற்கும். தூரிகையைவிட விரலே சிறந்த கருவி. பூச்சு எங்கே தடித்தது, எங்கே படியவில்லை என்பதை விரல் உடனே உணரும். இருபுறமும் சமமாக அமைய, இழுப்புகளை எண்ணிக்கொள்வர். கூடுதலும் குறைவும் எண்ணிக்கையால் தடுக்கப்படுகின்றன. ஜப்பானில் பார்வையற்றோர்க்கெனப் பயிற்றுவிக்கப்படும் ஒப்பனை முறையொன்றில், கண்ணாடியின் துணையின்றி இரு கைவிரல்களையும் முகத்தின் இருபுறத்திலும் ஒரே வேளையில் இயக்கிச் சமநிலை காண்கின்றனர்.

பொருள்களை இனங்காணுதல் அடுத்த படி. குப்பியில் ரப்பர் வளையம் சுற்றுதல், பிரெயில் சீட்டு ஒட்டுதல், ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் வகுத்தல் ஆகியவை வீட்டளவிலான வழிகள். பிரெஞ்சு நிறுவனமான லோக்சிதான் 1997 முதல் தன் பொதிகள் பலவற்றில் பிரெயில் எழுத்துகளைப் பொறித்து வருகிறது. எஸ்டீ லாடர் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கைப்பேசிச் செயலி, முகத்தைப் படம்பிடித்து, பூச்சு சீராகப் படிந்துள்ளதா என்பதைக் குரலால் தெரிவிக்கிறது. 2015-இல் டென்மார்க்கில் தொடங்கப்பெற்ற 'பீ மை ஐஸ்' செயலியின்வழிப் பார்வையுடைய தன்னார்வலரிடம் ஒரு சொல் கேட்டுத் தெளியலாம்.

இவற்றால் விளங்குவது ஒன்று. இங்கு நிகழ்வது அளவு, எண்ணிக்கை, நினைவு, தொடுகை ஆகியவற்றால் ஆன கைவினை. கோலமிடும் மூதாட்டி புள்ளிகளின் இடைவெளியைக் கண்ணைவிடக் கையாலேயே அறிவது போன்றது இது. இதனை ஒரு திறனாகக் கருதாமல் வியப்பாகக் கருதுவது, பாராட்டின் போர்வையில் வரும் குறைமதிப்பே ஆகும்.

அணியும் அனுமதியும்

இனி, மிகக் கடினமான பகுதிக்கு வருகிறோம். ஒப்பனை செய்யும் உரிமையைப் பேசும்போது, ஒப்பனையே பெண்ணுக்கு விலங்கு என்னும் வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். இவ்வாதம் பினாங்குத் தமிழர்க்கு அறிமுகமானதே. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது முதலில் இறங்கிய இடம் பினாங்கு. பெண்களை நகை மாட்டும் பொம்மைகளாக வைத்திருப்பதை அவர் வாழ்நாள் முழுவதும் கண்டித்தார். நயோமி வுல்ஃப் 1990-இல் வெளியிட்ட நூலும் அழகு பற்றிய புனைவு பெண்ணைக் கட்டுப்படுத்தும் கருவியாவதை விளக்கியது. இவ்வாதங்களின் வலிமையை நாம் ஏற்கிறோம். அவ்வாறாயின், பார்வையற்ற பெண் இவ்விலங்கிலிருந்து இயல்பாகவே விடுபட்டவள் அல்லளோ என்று சிலர் வினவக்கூடும்.

அல்லள் என்பதே விடை. நிறம் பற்றிய ஏற்றத்தாழ்வை அறிவதற்குக் கண் தேவையில்லை. கறுப்பு, மாநிறம், சிவப்பு என்னும் சொற்கள் பெண்பார்க்கும் பேச்சில் எவ்வாறு எடைபோடப்படுகின்றன என்பதைச் செவியே போதுமான அளவு கற்பித்துவிடும். ஃபேர் அண்ட் லவ்லி என்னும் பூச்சு 2020-இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அச்சொற்களின் எடையோ மாறிவிடவில்லை. பார்வையற்ற பெண் தன் தோற்றத்தைப் பிறர் சொற்களின்வழியே பெறுகிறாள். ஆகவே, அச்சொற்களின் கொடுமையும் அவளை நேரடியாகவே தாக்குகிறது.

மேலும், அணியை மறுத்தலும் நம் மரபில் எப்போதும் விடுதலையாக இருந்ததில்லை. கோவலனைப் பிரிந்த கண்ணகி சிலம்பும் கண்மையும் திலகமும் இன்றி இருந்ததை அந்திமாலைச் சிறப்புச்செய் காதை காட்டுகிறது. அது துயரின் வெளிப்பாடு. கைம்பெண்ணிடமிருந்து பூவும் பொட்டும் வளையலும் பறிக்கப்பட்டது வழக்கத்தின் கொடுமை. அணி களைதல் என்பது வாழ்விலிருந்து விலக்கப்படுதலின் அடையாளமாக இருந்த சமூகம் நம்முடையது. கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட இவ்விலக்கைப் பார்வையற்ற பெண்ணுக்கு எந்த நூலும் விதிக்கவில்லை. ஆயினும், 'உனக்கு எதற்கம்மா இதெல்லாம்' என்னும் கனிவான ஒரு சொல் அதே வேலையைச் செய்துவிடுகிறது. அவளுக்குத் திருமணமும் காதலும் பொதுவாழ்வும் இல்லை என்று முன்னரே தீர்ப்பெழுதிய பின்னர் வரும் கனிவு அது.

இதன் மறுபக்கத்தை ஹெலன் கெல்லரின் வாழ்வு உணர்த்துகிறது. அவரது இடக்கண் புடைத்திருந்ததனால், இளமையில் பெரும்பாலும் ஒருபக்கமாகவே நிழற்படம் எடுக்கப்பட்டது. பின்னாளில் இரு கண்களும் அகற்றப்பட்டுக் கண்ணாடிக் கண்கள் பொருத்தப்பட்டன. பொதுமேடையில் தோன்றுபவர் பார்ப்போரின் மனம் உறுத்தாதபடி தோன்ற வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவரையும் விடவில்லை. அலங்காரம் செய்யாதே என்பதும், எங்களை உறுத்தாதபடி உன்னைத் திருத்திக்கொள் என்பதும் பார்வையுடையோரின் வசதியையே மையமாகக் கொண்ட இரு கட்டளைகள்.

இங்குதான் நம் வாதத்தின் மையம் உள்ளது. பார்வையுடைய பெண் ஒப்பனையைத் துறந்தால் அதனைக் கொள்கை என்கிறோம். பார்வையற்ற பெண் துறந்தால் இயலாமை என்கிறோம். பார்வையுடைய பெண் ஒப்பனை செய்தால் அதனை இயல்பு என்கிறோம்; பார்வையற்ற பெண் செய்தால் யாருக்காக என்று கேட்கிறோம். அவள் எதைத் தேர்ந்தாலும் அத்தேர்வின் பொருள் அவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. ஒப்பனை நல்லதா தீயதா என்னும் விவாதம் இதற்குப் பின்னர் வரவேண்டியது. துறக்கும் உரிமை கொள்கையாக மதிக்கப்பட வேண்டுமாயின், அணியும் உரிமை முதலில் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும்.

வகுப்பறைக்குச் சில கருத்துகள்

இந்நாட்டில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டது. இவர்களின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010-இல் ஏற்புறுதி செய்தது. பண்பாட்டு வாழ்வில் பங்குபெறும் உரிமையும் அச்சட்டத்தில் இடம்பெறுகிறது. இலக்கியம் கற்பிப்போர் இவ்வுரிமையை வகுப்பறையிலேயே தொடங்கலாம்.

முதலாவதாக, வருணனைப் பகுதிகளைக் கற்பிக்கும்போது 'மனக்கண்ணால் காணுங்கள்' என்று மட்டும் கூறி அமையாமல், அப்பகுதியில் உள்ள மணம், ஒலி, தொடுகை ஆகியவற்றையும் மாணவர் பட்டியலிடுமாறு செய்யலாம். கடலாடு காதை இதற்கு மிகப் பொருத்தமானது. பார்வையற்ற மாணவர் ஒருவர் அவ்வகுப்பில் இருப்பின், அவர் பின்தங்கியவராக இராமல் வழிகாட்டியாக அமைவார். இரண்டாவதாக, பார்வையற்ற பாத்திரங்கள் வரும் கதைகளைப் பயிலும்போது, அப்பாத்திரத்தின் தோற்றத்தை முடிவுசெய்பவர் யார் என்னும் வினாவை எழுப்பலாம். மூன்றாவதாக, ஆக்கவிலக்கியப் பயிற்சியில் ஈடுபடும் இளையோர், பார்வையின்மையை இரக்கத்துக்கான குறுக்குவழியாகவோ ஞானத்துக்கான உருவகமாகவோ கையாள்வதைத் தவிர்க்குமாறு நெறிப்படுத்தலாம்.

முடிவுரை

சிலப்பதிகாரத்தின் வழக்கு ஓர் அணியால் தீர்ந்தது. இரு சிலம்புகளும் பார்வைக்கு ஒத்திருந்தமையால் பாண்டியனின் அவை ஏமாந்தது. ஒன்றினுள் முத்தும் மற்றொன்றினுள் மாணிக்கமும் இருந்தன. உடைத்துப் பார்க்கும்வரை எந்தக் கண்ணும் அவ்வேறுபாட்டை அறியவில்லை. தன் சிலம்பினுள் இருப்பது இன்னது என்று அறிந்திருந்தவள் அதனை அணிந்த பெண் ஒருத்தியே.

அணியின் பொருளை அணிந்தவளே அறிவாள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் இலக்கியத்தில் இல்லை எனலாம். பார்வையற்ற பெண் பொட்டிட்டு வரினும், வெறும் நெற்றியோடு வரினும், அதன் பொருளை அவளிடமே கேட்டறிதல் முறையாகும். தன் கையால் தன் முகத்தைப் புனைந்துகொள்ளும் அத்தகைய பெண்ணைத் தமிழ்ப் புனைகதையும் திரையும் இனிமேல்தான் படைக்க வேண்டும். பார்வையற்ற பெண்களே எழுத முன்வரும்போது அப்பாத்திரம் இன்னும் உண்மையாக அமையும். அதற்கான இடத்தை ஒதுக்கித் தருவது இதழ்களையும் பல்கலைக்கழகத் துறைகளையும் சார்ந்த நம் அனைவரின் கடமையாகும்.